துடைத்தால் போதுமா, கழுவிக் கவிழ்க்க வேண்டுமா?

அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் காயப்போட்டு, முறத்தில் புடைத்து எடுத்துக்கொள்கிறோம். ஊறுகாயில் பூசணம் பூத்துவிட்டால்? மேலாக வழித்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாற மனசு வருமா? கொட்டிவிட்டு, ஜாடியை வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்கிறோம். சமையலறையில் நமக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தபோது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதில் நான் பட்ட பாட்டைத்தான் சகோதரிகளிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கோயமுத்தூர் கணபதியில் என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க். பில், வரவு செலவு, பாங்கு வேலை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். மகளின் காலேஜ் பாடம், குடும்பப் போட்டோக்கள் எல்லாமும் அதிலேயே. கோடை விடுமுறைக்கு வந்த கொழுந்தனார் மகன், காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு ஒன்றை, "சும்மாவே கிடைக்குதுங்க பெரியம்மா" என்று எங்கிருந்தோ இறக்கிப் போட்டான். போடும்போது, வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கச் சொன்னதாம். பிள்ளையும் அணைத்துவிட்டான். திருட வருகிறவன் "நாயைக் கட்டிப் போடுங்கள்" என்று கேட்டால் கட்டுவோமா?

மறுநாளே திரை முழுக்க விளம்பரம். எதைத் தொட்டாலும் மந்தம். காந்திபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "மொத்தமா அழிச்சுப் புதுசாப் போட்டறலாமுங்க அக்கா" என்றார் கடைத் தம்பி. எனக்குப் பகீரென்றது. "வேண்டாம் தம்பி, கணக்கு வழக்கு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வைரஸை மட்டும் எடுத்துக் குடுங்க" என்று பிடிவாதம் பிடித்தேன். எடுத்தும் கொடுத்தார். கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒன்பதாம் நாள் பீளமேட்டிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க, பாங்கு கணக்கை மாத்திட்டீங்களாக்கும்? புதுக் கணக்குல பணம் போடச் சொல்லி உங்ககிட்டயிருந்து மெயில் வந்திருக்குதுங்களே!" என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மெயிலை நாங்கள் அனுப்பவே இல்லை. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைப் போட்டிருந்தால், ஒரு மாத உழைப்பு போயிருக்கும்.

மறுபடி கடைக்கு ஓடினோம். தம்பி பொறுமையாக விளக்கினார். இந்த வகை வைரஸ், நாம் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைச் சில நிமிடங்களிலேயே வெளியே அனுப்பிவிடுமாம். அதன்பின் வைரஸை எடுத்தாலும் போன சாவி போனதுதான். "இன்னும் உள்ள எங்கெங்க பூந்திருக்குதுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதுங்க அக்கா" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது அரிசி வண்டு அல்ல, ஊறுகாய்ப் பூசணம் என்று.

எப்போது துடைத்தால் போதும்?

இன்டர்நெட் பார்க்கும்போது மட்டும் விளம்பரம் குதிக்கிறது, முதல் பக்கம் தானாக மாறிவிட்டது என்றால் பெரும்பாலும் துடைத்தாலே போதும். புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட புரோகிராம்களையும் பிரவுசரில் சேர்ந்த எக்ஸ்டென்ஷன்களையும் நீக்கி, வைரஸ் தடுப்பால் முழுச் சோதனை செய்யுங்கள். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா'விலும் இதற்கான கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தீங்கான ஃபைலைத் திறக்கும் முன்பே வைரஸ் தடுப்பு பிடித்துவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை.

எப்போது கழுவிக் கவிழ்க்க வேண்டும்?

திருட்டு நகல் புரோகிராமைப் போட்டு வந்த வினை என்றால், வைரஸ் தடுப்பு தானாக அணைந்தால், எடுத்த வைரஸ் திரும்ப வந்தால், பாஸ்வேர்டு திருடு போயிருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். அதிலும் பாங்கு வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் முழுக்க அழித்துப் புதிதாகப் போடுவதுதான் நல்லது. பணமே போயிருந்தால், எதையும் அழிக்கும் முன் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். தாமதமானால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம். பூட்டப்பட்ட ஃபைல்களையும் தூக்கி எறியாதீர்கள். ஐரோப்பியப் போலீசார் முதலானோர் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டத்தில், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது.

அழிக்கும் முன்

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ இருந்து மெயில், பாங்கு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். நோய்ப்பட்ட கம்ப்யூட்டரிலேயே மாற்றினால் புதுச் சாவியும் திருடன் கைக்குத்தான் போகும். மெயிலில் 'எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தி, நம் கடிதங்கள் வேறு யாருக்கும் தானாகப் போகிறதா என்றும் பாருங்கள்.

போட்டோ, கணக்கு, கடிதம் இவற்றை மட்டும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். புரோகிராம்களை எடுக்காதீர்கள்; பூசணம் அதோடு வந்துவிடும். எடுத்தவற்றையும் சோதித்த பிறகே திரும்பப் போட வேண்டும்.

யார் யார் எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதை நான் செய்யவில்லை. போட்டோவும் கணக்கும் பத்திரமாக வந்தன. ஆனால் காலமாகிவிட்ட என் மாமியார் பாடிய தாலாட்டை மகள் பதிவு செய்து ஏதோ ஒரு மூலையில் போட்டிருந்தாள். அழித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அது போனது போனதுதான்.

2022 நவம்பர் 23-ம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை இப்படித்தான் முடக்கினார்கள். நோயாளிகளின் பதிவு முதல் எல்லாவற்றையும் பல நாட்கள் கையால் எழுத வேண்டி வந்தது. பாதிக்கப்படாத ஒரு சர்வரில் பிரதி இருந்ததால், அதிலிருந்து விவரங்களை மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியானாலும் நம் வீடானாலும் பிரதி இருந்தால்தான் தைரியமாக அழிக்க முடியும். நான் முதலில் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம், என்னிடம் பிரதி இல்லாததுதான்.

அழித்த பின்

திருட்டு நகல் விண்டோஸ் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்டதும் முதல் வேலை அப்டேட். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகையே ஆட்டி வைத்தபோது, பக்கத்து வயநாட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது!

இப்போது மாதா மாதம் அமாவாசைச் சமையல் முடித்த கையோடு, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றிப் பீரோவில் பூட்டிவிடுகிறேன். கழற்றாமல் விட்டால் வைரஸ் அதற்குள்ளும் போய்விடும். தேதியை மறக்க முடியாதே என்றுதான் அமாவாசை. நீங்கள் வெள்ளிக்கிழமையோ, சங்கடஹர சதுர்த்தியோ எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டுத் தாலாட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.