சுவர் நிறையப் படம். ஆனால், எண் தெரியவில்லை!

இரவு மணி 2. வெளியே அடைமழை. ஊர் தூங்கிக்கொண்டு இருக்கிறது.

நகரின் நடுவே ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே 4 பேர் உட்கார்ந்து இருக்கிறார்கள். 4 பேரும் ஒரு சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

ஊரே இருக்கிறது! பஸ் நிலையம் ஒரு மூலையில் தெரிகிறது. பெரிய ஆஸ்பத்திரி வாசல் இன்னொரு மூலையில். ஆற்றுப் பாலம், மார்க்கெட், நாற்சந்தி, ரெயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை என்று 16 இடங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அந்தந்த இடத்தில் உள்ள காமிரா படம் பிடித்து அனுப்புகிறது. அது சுவரில் வந்து விழுகிறது.

இதற்குப் பெயர்தான் "வீடியோ சுவர்".

நான் அந்த அறைக்குப் போனது, மழை எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பகல் நேரத்தில். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அன்று இரவு வேலையில் இருந்த பெண்மணி ஒருவர், நடந்ததைச் சொன்னார்.

சுரங்கப்பாதையின் சுவரில் 1, 2, 3 என்று அடிக்கணக்கு எழுதி இருக்கிறார்கள். தண்ணீர் 2 அடியைத் தொட்டால், உடனே போலீசுக்குச் சொல்லி பாதையை அடைக்க வேண்டும். இது அவருடைய வேலை.

"தண்ணீர் தெரிந்தது, சார். அது ஏறுவதும் தெரிந்தது. அந்த எண் மட்டும் தெரியவில்லை. 1 என்றும் சொல்லலாம், 2 என்றும் சொல்லலாம். வெறும் புள்ளி புள்ளியாக இருந்தது" என்றார் அவர்.

எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து இருக்கிறார். இன்னும் மோசம்! பிறகு மேசைக்கு ஓடி வந்து, அங்கே இருந்த சின்னக் கம்ப்யூட்டரில் அந்த ஒரு காமிராவை மட்டும் தேடி எடுத்து இருக்கிறார். எண் பளிச்சென்று தெரிந்தது. 2 அடி தாண்டிவிட்டது!

அதற்குள், கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றி வந்த ஒரு வேன் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. நல்ல வேளை, தீயணைப்புப் படையினர் வந்து எல்லோரையும் மீட்டார்கள். குழந்தைகள் உள்பட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டுப் புடவைகள் நனைந்ததோடு போயிற்று.

"16 அடி அகலச் சுவர், சார். கடைசியில் எனக்குக் கை கொடுத்தது மேசை மேல் இருந்த பெட்டிதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மயில் ஆடியது

அத்தனை பணம் கொடுத்து வாங்கிய சுவரில் எண் தெரியாமல் போனது ஏன்? விசாரித்தேன்.

வாங்குவதற்கு முன், அதிகாரிகள் ஒரு கடைக்குப் போய்ப் பார்த்து இருக்கிறார்கள். கடைக்காரர் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, சுவரில் ஒரு மயிலை ஆட விட்டார். தோகையில் நீலமும் பச்சையும் கண்ணைப் பறித்தன. அதிகாரிகள் 30 அடி தள்ளி நின்று பார்த்தார்கள். சொக்கிப் போனார்கள். விலையும் ஒத்து வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆனால், கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி இருப்பது 12 அடியில். அங்கே மயிலும் வருவதில்லை. இருட்டில், மழையில், மங்கலாக வரும் காமிராப் படம்தான் வருகிறது.

கோலப் புள்ளி தெரியுமா?

வாசலில் புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்து இருப்பீர்கள். புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், கோலம் பெரிதாக இருக்கும். ஆனால், நுணுக்கமான பூ வராது. நெருக்கி வைத்தால், சிறிய பூவும் வரும். வீடியோ சுவரும் இப்படித்தான்.

இந்தச் சுவர்களில் இரண்டு வகை அதிகம். ஒன்று எல்.சி.டி. வீட்டு டெலிவிஷன் போன்ற தட்டைப் பலகைகளை வரிசையாக அடுக்கி ஒரே சுவர் ஆக்குவது. இன்னொன்று எல்.இ.டி. கடுகு போன்ற சிறு விளக்குகளை ஆயிரக்கணக்கில் பதித்து, அந்த விளக்குகளாலேயே படம் வரைவது. கடைத்தெருவிலும் கிரிக்கெட் மைதானத்திலும் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாவது வகை.

(இந்த விளக்குக்கு ஒரு கதை உண்டு. சிவப்பு விளக்கு 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீல விளக்கு மட்டும் 1993 வரை கையில் சிக்கவில்லை. நீலம் இல்லாமல் எல்லா நிறமும் வராது அல்லவா? அதைச் சாதித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.)

எல்.இ.டி. சுவரில், ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் உள்ள இடைவெளியை மில்லி மீட்டரில் சொல்வார்கள். இடைவெளி 1 மில்லி மீட்டர் என்றால், சுமார் 11 அடி தள்ளி உட்கார்ந்தால் புள்ளி தெரியாது. 2½ மில்லி மீட்டர் என்றால் 28 அடி போக வேண்டும். அந்த ஊரில் வாங்கியது 2½ மில்லி மீட்டர். 30 அடியில் நின்றவர்களுக்கு மயில் அழகாகத் தெரிந்ததும், 12 அடியில் இருந்தவருக்கு எண் தெரியாததும் இதனால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 55 அங்குல எல்.சி.டி. பலகைகளைக் குறுக்கே 4, நெடுக்கே 3 என்று 12 அடுக்கினால், 16 அடி அகலமும் 6¾ அடி உயரமும் உள்ள சுவர் கிடைக்கும். முழு எச்.டி. பலகை என்றால், அதில் மொத்தம் 2 கோடியே 48 லட்சம் புள்ளிகள் இருக்கும். அதே அளவுச் சுவரில் 2½ மில்லி மீட்டர் எல்.இ.டி. பதித்தால்? சுமார் 16 லட்சம் புள்ளிகள்தான்! ஒரே ஒரு காமிராவின் முழுப் படத்துக்கே 20 லட்சத்துக்கு மேல் வேண்டும். 16 காமிராக்களை அங்கே போட்டால், ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் மிஞ்சும். எண் எங்கே தெரியும்?

"அப்படியானால் நெருக்கமான எல்.இ.டி. வாங்கலாமே?" என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால், இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால், விளக்குகள் 4 மடங்கு ஆகிவிடும். விலையும் எகிறும்.

நாற்காலியோடு வந்த என்ஜினீயர்

வேறு ஓர் ஊரில், இதே போன்ற வேலைக்கு இளம் என்ஜினீயர் ஒருவரை அனுப்பி இருந்தார்கள். அவர் கடைக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றும், ஒரு பென் டிரைவும் கொண்டு போனார். அதில் இருந்தது, தங்கள் ஊர்க் காமிராவில் மழை இரவில் எடுத்த படம்.

"மயில் வேண்டாம், அண்ணே. இதைப் போடுங்கள்" என்றார்.

பிறகு 12 அடி அளந்து, அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அறை விளக்குகளை எல்லாம் போடச் சொன்னார். தங்கள் அறையில் விளக்கு எரியும், ஜன்னல் வெளிச்சமும் வரும் அல்லவா? லாரி நம்பர் தெரிகிறதா என்று படித்துப் பார்த்தார். படித்தது மட்டும் அல்ல. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து இருந்தார். 8 மணி நேரம் பார்க்கப் போகிறவர்களுக்குக் கண் வலிக்குமா என்று தெரிய வேண்டுமாம்!

அதன் பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. சுவருக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் மூளை. அதன் மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டார். 12 பலகையும் ஒரே நொடியில் இருண்டன.

"இது கெட்டுப் போனால் என்ன செய்வது?" என்று கேட்டார்.

கடைக்காரர் விழித்தார். கடைசியில், ஒன்று நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி இரட்டை மூளையாகத் தருவதாக எழுதிக் கொடுத்தார்.

அவர் தேர்ந்து எடுத்தது எல்.சி.டி. அதிலும் குறை உண்டு. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் கோடு விழும். 3½ மில்லி மீட்டர் கோடும் உண்டு. 1 மில்லி மீட்டருக்குக் குறைவான கோடும் உண்டு. கோடு மெலிய மெலிய, விலை கூடும். மேலதிகாரி வந்து பார்த்து, "என்னப்பா, ஜன்னல் கம்பி மாதிரி இருக்கிறதே" என்றாராம். இவர் காமிராப் படங்களைக் கோட்டில் விழாதபடி, பலகைக்குள் அடங்கும்படி அமைத்தார். ஒரு வாரத்தில் கோட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அசையாத வரைபடத்தை ஒரே இடத்தில் நாள் கணக்கில் நிறுத்தி வைத்தால், எல்.சி.டி.யில் அதன் நிழல் தங்கிவிடும். அதனால் இரவு தோறும் படங்களை இடம் மாற்றுகிறார்கள்.

இதனால் எல்.இ.டி. மட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். வெயில் அடிக்கும் நாற்சந்தியில் எல்.சி.டி.யை வைத்தால் முகம் பார்க்கும் கண்ணாடியாகத்தான் பயன்படும். அங்கே எல்.இ.டி.தான் ராஜா. பெரிய நிறுவனத்தின் வரவேற்புக் கூடத்திலும் அதுவே எடுப்பு.

1,003 பெட்டிகள்

வாங்குவதைவிட, வைத்துக் காப்பாற்றுவது பெரிய காரியம். இதற்குத் தென்கொரியாவில் ஒரு சாட்சி இருக்கிறது.

சியோல் நகரை அடுத்த குவாச்சியோனில் தேசிய நவீன கலைக்கூடம் உள்ளது. நாம் சூன் பைக் என்ற கலைஞர், 1988-ல் அங்கே 1,003 டெலிவிஷன் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினார். உயரம் சுமார் 60 அடி! அக்டோபர் 3 கொரியாவின் தேசியத் திருநாள், அதனால்தான் 1,003. உலகமே வந்து பார்த்தது. ஆனால், அந்தப் பழைய படக்குழாய்ப் பெட்டிகளை யாரும் இப்போது செய்வது இல்லை. ஒவ்வொன்றாகப் பழுதாகி, 2018-ல் கோபுரத்தை அணைக்க வேண்டியதாயிற்று. பழைய உறுப்புகளைத் தேடிப் பிடித்தும், மேலே இருந்த சிறு பெட்டிகளுக்குப் பதில் தட்டைத் திரைகளை வைத்தும், 2022-ல்தான் மறுபடி ஏற்றினார்கள்.

கலைக்கூடம் 4 ஆண்டு காத்திருக்கலாம். வெள்ளக் கட்டுப்பாட்டு அறை 4 மணி நேரம் காத்திருக்க முடியுமா?

எல்.இ.டி. விளக்குகள் ஒரு தொகுதியைப் போல மறு தொகுதி இருக்காது. நிறம் சற்று மாறும். நல்ல வேட்டியில் வேறு துணியை ஒட்டுப் போட்டது போலத் தெரியும். ஆகையால், மாற்று உறுப்புகளை முதல் நாளே சேர்த்து வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். பழுது பார்க்க முன்பக்கமாகவே கழற்ற வருமா என்றும் கேட்க வேண்டும். வராவிட்டால், பின்னால் ஆள் நுழையச் சந்து விட வேண்டும். அறையில் அதற்கு இடம் இருக்கிறதா?

கரண்டு செலவும் உண்டு. ஒரு பலகைக்கு 200 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 பலகைக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 58 யூனிட் ஆகும். அந்தச் சூட்டைத் தணிக்கும் ஏ.சி. வேறு.

விளக்கின் ஆயுள் "50 ஆயிரம் மணி" என்று போட்டு இருப்பார்கள். ஓயாமல் எரித்தால், அது 5 ஆண்டு 8 மாதம்தான். அதற்குள் வெளிச்சம் பாதியாகிவிடும் என்பது இதன் பொருள்.

மத்திய அரசு 2015-ல் தொடங்கி 2025 மார்ச்சில் முடித்த "ஸ்மார்ட் சிட்டி" திட்டத்தில், 100 நகரங்களிலும் இத்தகைய கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்தன. சென்னை, கோவை, மதுரை உள்பட தமிழ்நாட்டு நகரங்கள் 11. முதலில் வாங்கிய சுவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. மறுபடி வாங்கும் நாள் தூரத்தில் இல்லை. குறைந்த விலைக்காரரைப் பிடிப்பதோடு நிற்காமல், 5 ஆண்டுக் கரண்டையும் பழுதுச் செலவையும் கூட்டிப் பார்த்தால், பல நேரம் வரிசையே தலைகீழாக மாறிவிடும். வரி கட்டுவது நாம்தானே!

முதலில் சொன்ன ஊருக்கு வருவோம். "இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று அந்தப் பெண்மணியைக் கேட்டேன்.

"சுவரை மாற்றப் பணம் இல்லை, சார். பெயிண்டரைக் கூப்பிட்டோம்" என்றார்.

சுரங்கப்பாதையில் இருந்த எண்களை அழித்துவிட்டு, புதிதாக எழுதி இருக்கிறார்கள். மஞ்சள் பூச்சு மேல் கறுப்பு எண்கள். ஒவ்வொன்றும் 1 அடி உயரம்.

சுவரைத் திரும்பிப் பார்த்தேன். 2 நன்றாகத் தெரிந்தது.