ஆம்பூர்ப் போர் உணர்த்தும் பாடம்

தோல்பொருள் ஏற்றுமதியால் இன்று அறியப்படும் ஆம்பூர், 1749 ஆகஸ்ட் 3 அன்று தென்னிந்திய வரலாற்றைத் திசைதிருப்பிய போர்க்களமாக விளங்கியது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிப், ஐதராபாத் நிஜாம் பதவியை நாடிய முசாபர் ஜங்குடன் கூட்டுச் சேர்ந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளே அவர்களுக்குப் படை அனுப்பினார். போரில் நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்று, ஆங்கிலேயரின் துணையை நாடினார்.

சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டார். முகமது அலியின் நவாப் பதவி உறுதியாயிற்று. எனினும், பிரெஞ்சுக்காரரின் வலிமை குன்றியபின், ஆங்கிலேயருக்கு எதிராக நிறுத்தத்தக்க ஐரோப்பிய ஆற்றல் எதுவும் அவருக்கு எஞ்சவில்லை. படைச்செலவு கடனாக வளர்ந்தது. கடனுக்கு ஈடாக வரி வசூலிக்கும் உரிமை கைமாறியது. இறுதியில், 1801இல் ஆர்க்காட்டு அரசின் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது.

இன்றைய சிறு நாடுகளும் இத்தகைய நெருக்கடியை எதிர்கொள்கின்றன. இலங்கை, 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இந்தியாவின் கடனுதவியைப் பெற்றது. ஒரு வல்லரசின் கோரிக்கையை மறுக்கவும் மற்றொன்றை நாடவும் வழி திறந்திருக்கும்வரையே சிறு நாட்டின் சமநிலை நீடிக்கும். வாங்கிய கடனைத் தானே அடைக்கும் வலிமையே அவ்வழியைக் காக்கும். அவ்வலிமை இழந்த நாட்டில் துணைக்கு வந்தவரே ஆள்பவராகிவிடுவர் என்பதை ஆம்பூரில் தொடங்கிய வரலாறு காட்டுகிறது.