பிரேக்கை அழுத்தும் காற்று

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் மலைச்சாலையில், புளியரைக்கு மேலே எஸ் வளைவில் வண்டிகளின் வரிசை ஓய்வதில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கொல்லம் போகும் வண்டிகள் மூச்சு வாங்க ஏறும். குற்றாலத்தில் குளிக்க வரும் மலையாளக் குடும்பங்களின் வண்டிகள் எதிரே இறங்கும். சாரலில் சாலை நனைந்தே கிடக்கும். இறங்கிவரும் ஒரு டீசல் வண்டியின் ஓட்டுநர் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கிறார். ஆட்களும் மூட்டைமுடிச்சுமாக அந்த வண்டி 2 டன்னுக்குக் குறையாது. அதை அடக்க அவருடைய கால் பலம் மட்டும் போதாது. பெரும்பகுதி வேலையை நம்மைச் சுற்றியிருக்கும் காற்றுதான் செய்கிறது. அந்தக் காற்றை வேலை வாங்குவது, இன்ஜினுக்குப் பின்னால் கைக்கு எட்டாத இடத்தில் ஓடும் ஒரு ரப்பர் குழாய்.

பானட்டைத் திறந்து ஓட்டுநர் பக்கம் பாருங்கள். கேபினைப் பிரிக்கும் தகட்டை ஒட்டி, கறுப்பு நிறத்தில் தட்டையான உருளை ஒன்று இருக்கும். அதுதான் பிரேக் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பிரேக்கை மிதிக்காதபோது இரண்டு அறைகளிலும் காற்று உறிஞ்சப்பட்ட நிலை. மிதித்ததும் ஒரு வால்வு திறந்து, பெடல் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. சவ்வின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். காற்று சவ்வைத் தள்ளுகிறது; சவ்வு பிரேக் ஆயிலை அழுத்தும் தண்டைத் தள்ளுகிறது.

எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் காற்று ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. பூஸ்டரின் விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் சவ்வின் பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர். உள்ளே இருந்த காற்றில் 80 சதவீதத்தை இறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டால், சவ்வின் மேல் விழும் தள்ளுவிசை 400 கிலோ எடைக்குச் சமம். 1650களில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்து ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளே இருந்த காற்றை இறைத்து, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார். பிரிக்க முடியவில்லை. அதே காற்றழுத்தம்தான் புளியரை இறக்கத்தில் நமக்குத் துணை நிற்கிறது. மலை உயர உயர இந்தத் துணை குறையும். தென்காசியின் உயரத்தில் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும்.

பெட்ரோல் காரில் இந்த வெற்றிடம் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு மடல் மறித்து நிற்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மடல் மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் காற்றுக்காக இழுக்க, மடலுக்குப் பின்னால் வெற்றிடம் தானாக உருவாகிவிடும். டீசல் இன்ஜினின் அமைப்பு வேறு. அது எப்போதும் காற்றைத் தாராளமாக உள்ளே விட்டு, டீசலின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. (சில புதிய டீசல்களிலும் மடல் உண்டு, அது வேறு வேலைக்கு.) ஆகவே டீசல் காருக்கு வெற்றிடத்தைத் தனியாகத் தயாரித்தாக வேண்டும். அதற்கென்று ஒரு பம்ப். டாடா சுமோ காலத்து வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பின்னால் வந்த பல இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டின் முனையில். இன்ஜின் ஆயிலே அதற்கு உயவு. உறிஞ்சிய காற்றை இன்ஜினின் வயிற்றுக்குள்ளேயே விட்டுவிடும்.

பழுதை ஒளித்து வைப்பது இந்த அமைப்புதான். பெட்ரோல் காரில் வெற்றிடத்தைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் (வேக்கம் ஹோஸ்) கிழிந்தால் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் புகும். ஐடிலிங்கில் இன்ஜின் தடுமாறும், நடுங்கும், காட்டிக்கொடுக்கும். டீசலில் அந்தக் குழாய்க்கும் எரியும் அறைக்கும் தொடர்பே இல்லை. ஹோஸ் பாதி கிழிந்து தொங்கினாலும் இன்ஜின் அமைதியாக ஓடும். தென்காசியில் ஒரு பட்டறையில், பிரேக் கட்டையாக இருக்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தவரிடம் மெக்கானிக் சொன்னது இதைத்தான்: “இன்ஜின் சத்தத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி. டீசல்லா? வேக்கம் போனா அதுக்கு என்ன தெரியும்? ஒங்க காலுக்குத்தான் தெரியும்.” கிழிசலைக் கண்டுபிடிக்க ஹோஸ்களின் மேல் எதையாவது தெளித்து, இன்ஜின் வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் பெட்ரோல் கார் உத்தியும் இங்கே செல்லாது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூடான டர்போவுக்குப் பக்கத்தில் எரியக்கூடியதைத் தெளிப்பது ஆபத்தும்கூட.

இதே மலையில் இன்னொரு வெற்றிட பிரேக் நெடுங்காலம் வேலை செய்தது. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதையில், கழுதுருட்டியின் பதிமூணு கண் பாலத்தைக் கடந்து ஆரியங்காவு ஏறி இறங்கிய மீட்டர்கேஜ் வண்டிகள் வெற்றிட பிரேக்கால்தான் நின்றன. அங்கே வண்டி முழுக்க ஒரே குழாய். அதில் எப்போதும் வெற்றிடம் இருக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். பெட்டிகளுக்கு நடுவே ஹோஸ் அறுந்தாலும், பயணி சங்கிலியை இழுத்தாலும், நடப்பது அதுதான்: வண்டி நின்றுவிடும். பழுது ஏற்பட்டால் பாதுகாப்பான பக்கம் சாயும்படி யோசித்துச் செய்த ஏற்பாடு. காரின் பூஸ்டரில் அந்தச் சாய்வு கிடையாது. ஹோஸ் கிழிந்தால் வண்டி நிற்காது. கால் மிதிக்கும் விசை மட்டுமே மிஞ்சும். பிரேக் அறவே போய்விடுவதில்லை, ஆயில் அழுத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் பெடல் கல்லாகிவிடும். பல மடங்கு பலம் கொடுத்து மிதிக்க வேண்டிவரும். பூஸ்டருக்கு முன்னால் உள்ள ஒருவழி வால்வு இரண்டு மூன்று மிதிக்குப் போதுமான வெற்றிடத்தைச் சேமித்து வைத்திருக்கும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுபவர்கள் இந்த இரண்டு மூன்றைத்தான் நம்பிப் போகிறார்கள். நான்காவது வளைவில் என்ன ஆகும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரேக்கோடு கதை முடியவில்லை. இந்தியச் சாலைகளில் ஓடும் பல டீசல் கார்களில் டர்போவைக் கட்டுப்படுத்துவதும் இதே வெற்றிடம்தான். மாறும் இதழ்கள் கொண்ட டர்போவில், வெற்றிடம் ஒரு சிறு சவ்வுப் பெட்டியை இயக்கி இதழ்களை நெருக்குகிறது. புகை வேகமாகப் பாய்ந்து குறைந்த வேகத்திலும் டர்போ சுழல்கிறது. ஹோஸில் கசிவு வந்தால் பெரும்பாலான வண்டிகளில் இதழ்கள் அகலத் திறந்தே நிற்கும். சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி இழுக்காமல் அழும். கணினி, கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்று பி0299 என்ற குறியீட்டைப் பதிந்து, இன்ஜினின் சக்தியைத் தானே குறைத்துவிடும். ஸ்கேனரைப் போட்டுக் குறியீட்டைப் பார்த்ததும் டர்போவையே மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. டர்போ பல ஆயிரம் ரூபாய். முதலில் பார்க்க வேண்டியது ஒரு முழ ஹோஸை. பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் காரில் (1976–1985) கதவுப் பூட்டும், இன்ஜினை அணைக்கும் ஏற்பாடும் வெற்றிடத்தில்தான் இயங்கின. வெற்றிடம் எங்காவது கசிந்தால் சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடும்.

ஹோஸ் ஏன் கெடுகிறது? ரப்பர் மூலக்கூறு நீளமான சங்கிலி. வெப்பம் பட்டால் சங்கிலிகளுக்கிடையே புதிய பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். ரப்பர் விறைத்து வளையும் தன்மையை இழக்கும். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. டர்போவுக்குப் பக்கத்தில் 100 டிகிரியைத் தாண்டும் இடத்தில் கிடக்கும் ஹோஸுக்கு வயது எவ்வளவு விரைவாக ஏறும் என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்த எதிரி ஓசோன். காற்றில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டும். இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் விரிசல் முதலில் விழும். அதனால் ஹோஸின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். ஹோஸைச் சொருகும் நிப்பிளின் மேல் விரிந்து உட்கார்ந்த முனையில் மட்டும் நகக்கீறல் போன்ற கோடுகள் குறுக்கே ஓடும். விரலால் மடக்கினால் வாய் திறக்கும். மூன்றாவது, பம்பிலிருந்து வரும் ஆயில் ஆவி. அது ஹோஸை உள்ளிருந்து ஊறவைக்கும். சாரல் காலத்தில் வெதுவெதுப்புத் தேடி இன்ஜின் மேல் ஏறும் எலியையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

ஆரியங்காவைத் தாண்டினால் தென்மலை, புனலூர் என்று ரப்பர் தோட்டங்கள்தான். அந்த மரத்துப் பால் டயருக்கு உயிர். ஆனால் இந்த இடத்துக்கு இயற்கை ரப்பர் ஒத்துவராது. ஓசோன், ஆயில் இரண்டுக்கும் அது தாங்காது. ஈ.பி.டி.எம். ரப்பர் ஓசோனைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. நைட்ரைல் ஆயிலைத் தாங்கும், நெடுநாள் சூட்டைத் தாங்காது. வண்ண வண்ணமாக விற்கும் சிலிகோன் ஹோஸ் சூட்டைப் பிரமாதமாகத் தாங்கும். ஆயில் ஆவி படும் இடத்தில் உப்பி மிருதுவாகிவிடும். ஃபுளோரோ ரப்பர் எல்லாவற்றையும் தாங்கும், விலையும் அதற்கேற்ப. என் கருத்தில், கம்பெனி அந்த இடத்துக்கென்று கொடுத்த ஹோஸையோ, நூல் பின்னல் போட்ட, வெற்றிடத்துக்கு என்றே விற்கும் தடித்த ஹோஸையோ வாங்குவதுதான் சரி. மருத்துவமனை டிரிப் டியூபைச் சொருகி ஊர் போய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு அது போதலாம், ஆனால் அடுத்த நாளும் அதே நிலையில் ஓட்டக் கூடாது. மெல்லிய ஸ்ட்ராவை வைத்து இளநீரை அழுத்தி உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பையாகி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? சூட்டில் இளகிய டிரிப் டியூபும் அப்படித்தான். ஓட்டை இல்லாமலேயே வழி அடைத்துவிடும்.

இனி மாற்றும் வேலை. இன்ஜினைக் குறுக்காக வைத்த பல கார்களில் டர்போவும் அதன் சவ்வுப் பெட்டியும் கேபின் பக்கம் திரும்பி இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஹோஸின் ஒரு முனை தெரியும், மறுமுனை தெரியாது. கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகாது. வல்லவர்கள் முதலில் ஹோஸைத் தொடமாட்டார்கள். இன்ஜின் முழுக்க ஆறும்வரை காத்திருப்பார்கள். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி, தேவைப்பட்டால் பேட்டரித் தட்டு, வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வழி உண்டாக்குவார்கள். மொபைலில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே நீட்டி எடுத்துப் பார்த்தால் மறைந்த முனை எந்த நிப்பிளில் ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஹோஸைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும். நிப்பிள்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதே சூட்டில் அவையும் நொறுங்கும் பதத்தில் இருக்கும். நிப்பிள் ஒடிந்தால், டர்போவுக்குப் போகும் வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வையே மாற்ற வேண்டிவரும். பழைய ஹோஸை எப்படியும் எறியப் போகிறோம். அதன் முனையை நீளவாக்கில் பிளேடால் மெல்லக் கீறி உரிப்பதே நல்லது. கீறல் நிப்பிளில் படக் கூடாது. ஹோஸ் ஓடும் பாதை கைக்கு எட்டாததாக இருந்தால், எட்டும் முனையில் ஒரு சிறு பித்தளைத் துண்டைச் சொருகி, அதன் மறுபக்கம் புது ஹோஸை மாட்டி, அடுத்த முனையிலிருந்து பழையதை இழுத்தால் புதியது பின்னாலேயே வந்து பாதையில் படுத்துக்கொள்ளும். இடையில் கிளிப்புகள் இருந்தால் இது நடக்காது. ஒவ்வொன்றாக விடுவிக்கத்தான் வேண்டும். ஒரு ஹோஸை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும். சோலினாய்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிப்பிள்களில் ஹோஸ் இடம் மாறினால் புதுப் பழுது ஒன்று முளைக்கும்.

டர்போவுக்குப் போகும் இந்தச் சிறு ஹோஸ்களின் உள்விட்டம் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அரை மில்லிமீட்டர் பெரியதாக இருந்தாலும் கசியும். ஏற மறுக்கும் முனையை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். கிரீஸ் தடவக் கூடாது. வழியில் உலோக விளிம்பில் உரசாமலும், திருகி மடங்காமலும், டர்போவின் சூட்டுத் தகட்டிலிருந்து விலகியும் படுக்கவைக்க வேண்டும். ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அதே நாளில் அதே சூட்டில் வேலைக்கு வந்த மற்றவையும் கடைசிக் காலத்தில்தான் இருக்கும். உள்ளே நுழைந்த கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடுவது, கூலியை இரண்டு முறை கொடுப்பதைவிட லாபம்.

சரிபார்க்க, கையால் அடிக்கும் வெற்றிட பம்ப் ஒன்று மீட்டருடன் கிடைக்கிறது. ஒரு முனையில் மாட்டி அடித்து, முள் சில நிமிடம் அசையாமல் நின்றால் ஹோஸும் சவ்வும் நலம். பூஸ்டரைப் பார்க்க அதுகூட வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்க வேண்டும். பிறகு இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து மிதித்தால் முதல் மிதி மெத்தென்று இருக்க வேண்டும். இறுகியிருந்தால் ஒருவழி வால்வோ ஹோஸோ வெற்றிடத்தைத் தக்கவைக்கவில்லை என்று பொருள். செங்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தும் நேரத்திலேயே இதைச் செய்துவிடலாம். பெடல் இறங்காவிட்டால் அங்கிருந்து மலை ஏற வேண்டாம், பட்டறையைத் தேடுங்கள்.