வான்வழிப் பயணமும் பயண நேரமும்

லிங்கராஜபுரம் போன்ற பெங்களூர்ப் பகுதிகளில் வாழும் நமக்குச் சென்னை தொலைவில் இல்லை. எனினும் ஊரிலிருந்து அவசரச் செய்தி வரும்போது, விமானமா, இரயிலா என்ற வினா எழுகிறது.

இரு விமான நிலையங்களுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். இரயில் வழியோ 360. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கவல்ல விமானம் 20 நிமிடத்தில் சேர்ந்துவிடும் எனக் கணக்கிடலாகாது. மேலெழுவதிலும் கீழிறங்குவதிலுமே பெரும்பொழுது கழிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் சேர்ந்து பயணம் ஒரு மணியளவு ஆகிறது.

முன்னர் விமானங்கள் நமக்கு அண்மையிலுள்ள எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து புறப்பட்டன. 2008 மே மாதத்தில் அச்சேவை நகருக்கு வடக்கே தேவனஹள்ளிக்கு மாறியது. அங்குச் செல்ல ஒரு மணி, சோதனைகளுக்காக முன்கூட்டிச் சேர ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் இறங்கி வீடு சேர ஒரு மணி எனக் கொண்டால், மொத்தம் நாலரை மணி ஆகிறது.

வந்தே பாரத் இரயில் ஏறத்தாழ நாலரை மணியில் சென்னை சென்ட்ரலை அடைகிறது. நிலையத்திற்குச் செல்வதும் வீடு சேர்வதும் கூட்டினால் மொத்தம் ஆறு மணி. ஆகவே விமானத்தால் மிஞ்சுவது ஒன்றரை மணியே. இரண்டு மணி முன்னதாகப் புறப்படும் இரயில் இருக்குமாயின், அதிலேறுவோர் உற்றாரை முந்திக் காண்பர். விரைவாகச் செல்லும் ஊர்தியைவிட முதலில் புறப்படும் ஊர்தியை நாடுவதே அவசரத்தில் அறிவுடைமை.