சிறு சரக்கு வண்டியும் டீசல் சிக்கனமும்

காய்கறியையும் பாலையும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதில் ‘பிக்-அப்’ எனப்படும் சிறு சரக்கு வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. இவற்றுள் பல, ஓட்டுநரே கடன் பெற்று வாங்கியவை. எஞ்சின் பழுதுற்றால் வருவாய் தடைப்படும். கடன் தவணையோ காத்திராது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரில் அழுத்தப்படும் காற்றின் வெப்பத்தாலேயே டீசல் பற்றி எரிகிறது. எனவே தூய காற்று, நீரும் தூசும் கலவாத டீசல், உரிய காலத்தில் மாற்றப்படும் எஞ்சின் ஆயில் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. காற்று வடிகட்டி அடைபட்டால் டீசல் முழுமையாக எரியாது கரும்புகையாக வீணாகும். டீசலில் நீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் பழுதடையும். இவற்றைப் புதுப்பிக்கும் செலவை நோக்க, வடிகட்டியின் விலை மிகச் சிறிதே.

அதிக பாரம் இழுப்பதற்காக எஞ்சினில் கூடுதல் டீசல் பாயுமாறு மாற்றம் செய்வோரும் உளர். அதற்கேற்பக் காற்றும் கூடாவிடில் புகையே மிகும். வெப்பம் மிகுந்து பிஸ்டனும் டர்போவும் சேதமுறலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கேற்பப் பொருத்தப்படும் புகைத்துகள் வடிகட்டியும் விரைவில் அடைபடும். அதனை அகற்றிவிடுவது தீர்வாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டில், முறையான பராமரிப்பு வண்டி உரிமையாளரின் வருவாயையும் நாட்டின் அந்நியச் செலாவணியையும் ஒருங்கே காக்கும்.