'குட்' என்றால் நல்லது இல்லை: பழைய இசைத்தட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

மும்பை சோர் பஜாரிலோ, கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலோ, இன்ஸ்டாகிராமிலோ நீங்கள் பல நாள் தேடிய படத்தின் எல்.பி. கண்ணில் படுகிறது. விலை 3,500 ரூபாய். பக்கத்தில் 'வி.ஜி.' என்று இரண்டு எழுத்து. 'வெரி குட்'தானே, அப்புறம் என்ன யோசனை என்று பணத்தை அனுப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் அனுப்பினேன். வந்த தட்டில் பாட்டைவிடப் பொரிகிற சத்தம்தான் அதிகம்.

விற்றவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் பரப்பிய தர அளவுகோல் இது. டிஸ்காக்ஸ் தளமும் இதையே பயன்படுத்துகிறது. 'நியர் மின்ட்' தட்டின் விலை 100 ரூபாய் என்றால், 'வி.ஜி. பிளஸ்' சுமார் 50, 'வி.ஜி.' 25, 'குட்' 10 முதல் 15 ரூபாய்தான் பெறும். கிட்டத்தட்டப் புதுத் தட்டுக்கான விலையை நான் 'வி.ஜி.'க்குக் கொடுத்திருக்கிறேன்!

நேரில் வாங்கினால் கடையின் டியூப் லைட்டை நம்பாதீர்கள். போன் டார்ச்சைப் போட்டு, தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் காதிலும் கேட்கும்.

எவ்வளவு நேரம் கேட்கும்? ஒரு சின்னக் கணக்கு. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 20 நிமிடப் பக்கத்தில் சுமார் 667 சுற்றுகள், ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஆக, குறுக்கே ஒரே ஒரு சென்டிமீட்டர் ஆழக் கீறல் இருந்தால், 1.8 விநாடிக்கு ஒரு 'டிக்' வீதம் இரண்டு நிமிடத்துக்கும் மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். பாதிப் பாட்டு போச்சு. பள்ளத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் இன்னும் மோசம். ஊசி அதில் சிக்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிப்பது சகஜம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் கழுவினால் போய்விடும். (78 சுற்று அரக்குத் தட்டை மட்டும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், கரைந்துவிடும்.) தேய்மானம் அப்படிப் போகாது. மழுங்கிய ஊசியால் ஓட்டிய தட்டு பளபளப்பாகவே இருந்தாலும், 'ச', 'ஸ' வரும் இடங்களில் குரல் கரகரக்கும். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தட்டு பல தடவை ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகத் தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து, வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் இதெல்லாம் முடியாது. அங்கே தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் கேளுங்கள். அழகான உறையைக் காட்டியே விற்றுவிடுவார்கள். பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டை ஓடவிட்டு ஒரு நிமிஷம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பாட்டு வேண்டாம். தேய்மானம் முதலில் காட்டிக்கொடுப்பது லேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைசிப் பாட்டில்தான்.