ஏணையும் ஏடும்

மணம் முடித்த மகளைப் பிறர் மனைக்கு அனுப்பிவிட்டு வாயிலில் நின்று கண்ணீர் உகுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இறக்காமத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மாப்பிள்ளையே மனைவியின் இல்லத்துக்கு வருகிறார். தாய்வழிக் குடிமுறை தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாய் வேரூன்றிய மண் இது. ஆதலின் 16, 17 வயதிலே ஒரு பெண் கருவுற்றாலும் அவள் தனித்து விடப்படுவதில்லை. உம்மாவும் மூத்தம்மாவும் அருகிருந்து, பேறு முடிந்த 40 நாளும் சரக்கரைத்த கறியும் வெந்நீருமாய்ப் பேணுகிறார்கள். இத்தகைய இளந்தாயர்க்கென மேனாட்டார் தனி இல்லங்கள் அமைத்து ஆற்றும் பணியிற் பெரும்பகுதியை எங்கள் அடுக்களைகள் பெயரின்றியே செய்துவருகின்றன.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பயனாக, இன்று மருத்துவமாது வீடு தேடி வருகிறார். 1973 முதல் திரிபோஷா மாவும் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. 20 வயது நிரம்பாத தாயர்க்குச் சூல்வலிப்பும் பேற்றுக்குப் பிந்திய தொற்றும் மிகுதியாய் நேரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அத்தகையாரிடத்து மருத்துவமாதுக்குக் கண் கூடுதலாகவே இருக்கும்.

உடலுக்குக் காவல் உண்டு, ஏட்டுக்குத்தான் இல்லை. ஏணை கட்டிய நாளில் புத்தகப்பை பரண் ஏறிவிடுகிறது. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஏனையோரின் திருமண வயது 1995இலேயே 18 ஆயிற்று. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமோ 1951இல் இயற்றப்பட்டபோது குறைந்த வயதெதனையும் வகுக்கவில்லை. 12 வயது நிரம்பாதவளுக்கு மட்டுமே காதியாரின் அனுமதி வேண்டும் என்றது. அச்சட்டத்தைச் சீர்செய்ய 2009இல் அமைந்த சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையை 2018இலேதான் கையளித்தது. அதுவும் இரு கருத்தாய்ப் பிளவுண்டு. குழு அமைந்த ஆண்டிற் பிறந்த மகவு அதற்குள் நான்காம் வகுப்பு எய்தியிருக்கும்! சட்டம் திருந்தட்டும், நான் அதனை வேண்டுகிறவனே. ஆயினும் ஏற்கெனவே தாயானவள் அதுவரை என் செய்வாள்?

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை வழியன்றித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். இவ்வழியைப் பல வீட்டார் அறியார், அறிந்தோரும், "பிள்ளையை யார் பார்ப்பது?" என்று வினவி ஓய்ந்துவிடுகின்றனர். வினா நியாயமானதே. விடையும் அண்டை வீட்டிலேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் மூன்று இளந்தாயர் கிழமைக்கு இரு மாலை என் திண்ணையில் தமிழும் கணக்கும் படிக்கிறார்கள். கணக்குக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருகிறார். எதிர்வீட்டு மூத்தம்மா குழந்தைகளை ஏற்றுக்கொண்டார். கூலி கேட்கவில்லை, வெற்றிலை மட்டும் கேட்டார். கணவன்மாருள் ஒருவர் முதலில் முகங்கோணினார். இப்போது அவரே மனைவியைச் சைக்கிளில் கொணர்ந்து விடுகிறார். சென்ற கிழமை, தவழ்ந்து வந்த ஒரு குழந்தை என் நன்னூலின் புணரியற் பக்கமொன்றைக் கிழித்து வாயிலிட்டுக்கொண்டது. எஞ்சிய பக்கங்களைக் கொண்டு பாடம் நடக்கிறது.